கயித்துக்கட்டில் கணக்கு: தண்டவாளத்தை மண் எவ்வளவு தாங்கும்?

'தண்டவாளத்துக்கு நடுவில் ஜல்லிக்கல் கொட்டியிருப்பது ஏன் தெரியுமா?' டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்தத் தலைப்பிலிருந்து தப்பிக்க வழியில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது எழுதுவார்கள். இந்த வருஷம் என் முறை. 400 வார்த்தை, ஒரு படம், ஒரு கார்டு. அரை மணி நேர வேலை.

வழக்கமான பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தண்ணீர் வடியும், புல் முளைக்காது, அதிர்வு குறையும். அதை டைப் செய்துகொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. 'டிராக் மாடுலஸ்.' தண்டவாளத்தை அடியில் இருக்கும் நிலம் எவ்வளவு உறுதியாகத் தாங்குகிறது என்பதைச் சொல்லும் எண். நிலத்தின் பிடிமானத்துக்கு ஓர் எண் இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. அந்த வாரம் ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர்.

"அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா வண்டி போவும்போது கட்டை எவ்வளவு எறங்குதுன்னு பாத்தா, மண்ணு எப்படி இருக்குதுன்னு சொல்லிருவேன்" என்றார்.

அவரிடம் இதைக் கேட்க அது நல்ல நேரமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன், அதாவது அவர் மகன், ரயில்வே லெவல்-1 தேர்வில் தேறி, உடல் தகுதித் தேர்வும் முடித்திருந்தான். 35 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு 2 நிமிஷத்துக்குள் 100 மீட்டர் போக வேண்டும், நடுவில் கீழே வைக்கக் கூடாது. 1,000 மீட்டரை 4 நிமிஷம் 15 விநாடியில் ஓட வேண்டும். கோழித்தீவனச் சாக்கில் மண்ணைக் கட்டி அவன் இரண்டு மாதம் பழகினான். வேலையின் பெயர் 'டிராக் மெயின்டெய்னர்'. பெரியப்பா பார்த்த அதே வேலை, பெயர்தான் மாறியிருக்கிறது. பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பெரியப்பாவின் இடுப்பைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது. அவரால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பாதி வாழ்க்கை குனிந்து ஜல்லியை இடித்து இறுக்கிய இடுப்பு அது.

மறுநாள் காலை பக்கத்தில் இருக்கும் ரயில்வே கேட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். மூடிய கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். (பாதைக்குள் இறங்குவது குற்றம். பெரியப்பா அதில் என்னைவிடக் கறார்.) ஒரு சரக்கு ரயில் வந்தது. "இன்ஜினைப் பாக்காத. கீழ கட்டையைப் பாரு" என்றார்.

பார்த்தேன். சக்கரம் ஏறும்போது கட்டை லேசாகக் கீழே போனது. கடந்ததும் மேலே வந்தது. அடுத்த சக்கரம், மறுபடி. பெரியப்பா இன்னொன்றைக் காட்டினார். சக்கரம் வருவதற்குச் சற்று முன்னால் தண்டவாளம் ஒரு மயிரிழை மேலே எழும்புகிறது. நான் அதைச் சரியாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

"கயித்துக்கட்டில்ல நடுவுல உக்காந்தா என்னாவும்? நீ உக்காந்த எடம் மட்டுமா எறங்குது? பக்கத்துக் கயிறும் சேந்து எறங்கும். அதேதான் இது. ஒரு கட்டை தனியாத் தாங்காது. அக்கம்பக்கத்துக் கட்டை எல்லாம் கை குடுக்கும்."

இதை எழுதும்போது எனக்கு வேறு உவமை தேவைப்படவே இல்லை. இன்ஜினியர்கள் இதே கட்டிலைத்தான் வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள். எமில் விங்க்ளர் என்பவர் 1867-ல் வெளியிட்ட நூலில், தண்டவாளத்தை வரிசையாக வைத்த ஸ்பிரிங்குகளின் மேல் கிடக்கும் நீளமான கம்பியாகப் பார்த்தார். சேலத்துக்கு ரயில் வந்ததும் அதே 1860-களில்தான். மண், ஜல்லி, கட்டை எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்பதுதான் டிராக் மாடுலஸ். சுலபமாகச் சொன்னால், ஒரு சென்டிமீட்டர் நீளத் தண்டவாளத்தை ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறக்க எத்தனை கிலோ எடை வேண்டும் என்ற கணக்கு.

அளப்பதும் நினைப்பதுபோல் கஷ்டமில்லை. மின்சார இன்ஜின் ஒன்று 123 டன். அதற்கு 12 சக்கரம். ஆக, ஒரு சக்கரத்துக்குச் சுமார் 10 டன். கட்டைகளின் இடைவெளி 60 சென்டிமீட்டர். ஒரு சக்கரத்தை ஒரு கட்டைக்கு நேராக நிறுத்தி, ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்ததாக வைத்துக்கொள்வோம். நடுக்கட்டை 2 மில்லிமீட்டர். அதன் இரு பக்கமும் அடுத்தடுத்த கட்டைகள் 1.3, 0.6, 0.1. எல்லாவற்றையும் கூட்டினால் 6 மில்லிமீட்டர், அதாவது 0.6 சென்டிமீட்டர். அதை 60 சென்டிமீட்டர் இடைவெளியால் பெருக்கினால் 36. பத்தாயிரம் கிலோவை 36-ஆல் வகுத்தால் சுமார் 280. இந்த உதாரணப் பாதையின் மாடுலஸ் அதுதான். நிஜத்தில் பல சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கணக்கு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

பேப்பரில் இதைப் போட்டுக் காட்டியபோது பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "ஏழு கட்டை சேந்து தாங்குது. சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார், விங்க்ளருக்கு மார்க் போடுவதுபோல.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மண்ணின் பிடிமானம் பாதியாகக் குறைந்தால், இறக்கம் இரண்டு மடங்காகும் என்றுதானே நினைப்போம்? ஆகாது. சுமார் 1.7 மடங்குதான் ஆகும். மண் தளர்ந்தால் தண்டவாளம் இன்னும் நீளமாக வளைந்து, இன்னும் தள்ளியிருக்கும் கட்டைகளிடமும் பாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பலவீனமான இடத்தைப் பக்கத்து இடங்கள் கொஞ்சம் மறைத்துவிடுகின்றன. நல்ல குணம்தான். ஆனால் நோய் வெளியே தெரியாமல் வளர்வதற்கும் அதே குணம்தான் காரணம்.

பெரியப்பாவின் வேலை முழுக்க அந்த மறைந்த இடங்களைக் கண்டுபிடிப்பதுதான். கட்டைக்கு அடியில் ஜல்லி கலைந்து வெற்றிடம் உண்டானால், கட்டை மண்ணில் உட்காராமல் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும். சக்கரம் ஏறினால்தான் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். (பழமொழியை இதைவிடப் பொருத்தமாகப் பயன்படுத்த எனக்கு இனி வாய்ப்புக் கிடைக்காது.)

இந்தத் தொங்கல் வேறு, மண்ணின் உண்மையான ஸ்பிரிங் குணம் வேறு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் நியூவெல் டால்பாட் தலைமையில் 1914-ல் ஒரு குழு அமைத்து, நிஜப் பாதைகளில் நிஜ ரயில்களை ஓட்டி வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் அறிக்கை 1918-ல் வந்தது. லேசான எடைக்குத் தண்டவாளம் சட்டென்று இறங்குகிறது, அதற்கப்புறம் எடை ஏற ஏறக் கெட்டியாக எதிர்க்கிறது என்பது இந்த மாதிரி அளவுகளில் தெளிவாகத் தெரியும். முதலில் இறங்குவது இடைவெளிகள் மூடிக்கொள்வதால். பிறகு இறங்குவதுதான் நிலம். அதனால் லேசான வண்டியை வைத்து ஒருமுறையும் கனமான வண்டியை வைத்து ஒருமுறையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள். இந்தியாவில் பாதை இன்ஜினியரிங் படிப்பவர்களும் இந்த இரண்டையும் தனித்தனி எண்ணாகத்தான் படிக்கிறார்கள்.

பெரியப்பா காலத்தில் தொங்கலைக் கண்டுபிடிக்க ஒரு தடி இருந்தது. அடியில் கெட்டியான உருண்டை மாட்டிய தடி. அதைத் தூக்கிக் கட்டையின் மேல் போட வேண்டும். கீழே இறுக்கமாக இருந்தால் 'டங்' என்று எகிறும். வெற்றிடம் இருந்தால் 'தொப்' என்று அமுங்கிய சத்தம் வரும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தை. அவர் அதை 'கேனபூல்' என்கிறார். அது பிரெஞ்சுக்காரர்களின் 'கேன் அ பூல்', உருண்டை வைத்த கைத்தடி என்று அர்த்தம். எங்கேயோ பிரான்ஸில் பிறந்த வார்த்தை, சேலத்து கேங்மேன்களின் வாயில் ஊர்ப்பெயர் மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. வெற்றிடம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க 'டான்சோமீட்டர்' என்ற சின்னக் கருவியும் உண்டு. ரயில் போகும்போது கட்டை எவ்வளவு ஆடியது என்று அது காட்டும். அந்த அளவுக்கு ஏற்ப எத்தனை பொடி ஜல்லி போட வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டைக்கு அடியில் போடுவார்கள்.

"இதெல்லாம் இல்லாமயும் கண்டுபிடிக்கலாம். கட்டையைச் சுத்தி ஜல்லி வெள்ளையாப் பூத்திருக்கும். கட்டையும் கல்லும் ஒராஞ்சி ஒராஞ்சி மாவாப் போவும். அதைப் பாத்தா நின்னுரணும்."

மழைக்காலத்தில் அந்த வெள்ளை, சேறாக மாறும். கட்டை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் ஈரக் களிமண்ணை பம்ப் மாதிரி உறிஞ்சி மேலே தள்ளும். ஜல்லிக்கு நடுவில் சேறு ஏறிவிட்டால் தண்ணீர் வடியாது. தண்ணீர் வடியாவிட்டால் மண் இன்னும் இளகும். மண் இளகினால் கட்டை இன்னும் ஆடும். இந்தச் சுற்று ஆரம்பித்த இடத்தில் எத்தனை தடவை ஜல்லியை இடித்து இறுக்கினாலும் அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி இறங்கும் என்றார். "மேல மருந்து போட்டா உள்ள இருக்கற புண்ணு ஆறுமா?"

ஜல்லி ஏன் வேண்டும் என்ற என் அசல் கேள்விக்கும் இங்கேதான் பதில் கிடைத்தது. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் கட்டைவிரல் நக அளவுதான். அந்த நகத்தின் மேல் 10 டன். அதைத் தண்டவாளம் வாங்கிக் கட்டைகளுக்குப் பிரித்து, கட்டைகள் ஜல்லிக்குப் பிரித்து, ஓர் அடி கனமுள்ள ஜல்லி அதை இன்னும் அகலமாகப் பரப்பி, கடைசியில் மண்ணைத் தொடும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அக்கம்பக்கமாகிவிடுகிறது. இத்தனை பேர் கை மாற்றிக் கொடுத்தும், கடைசியில் தாங்குவது நம் காட்டு மண்தான்.

அந்தக் காட்டு மண் எங்கள் பக்கம் ஒரே மாதிரி இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும். மல்லூர், ராசிபுரம் பக்கம் செம்மண்ணும் பாறையும். சில அடி தோண்டினாலே கடப்பாரை திரும்பும். நாமக்கல் தாண்டி மோகனூரை நெருங்கினால் காவிரிப் பாசனம்: நெல், வாழை, கரும்பு, எந்நேரமும் ஈரம் குடித்த நிலம். நாமக்கல் நகரத்துக்கு ரயில் வந்ததே 2013 மே மாதம்தான். லாரிக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர், அதுவரை ரயில் ஏற வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குக் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு ரயில்கள் வட மாநிலங்களிலிருந்து நேராக அங்கே வந்து நிற்கின்றன. முழுப் பாரம் ஏற்றிய சரக்குப் பெட்டியின் ஒரு சக்கரம் இன்ஜின் சக்கரத்தைவிடக் கனம், 11 டன்னைத் தாண்டும். நம் காலை ஆம்லெட்டுக்கும் மண்ணின் மாடுலஸுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

இப்போது புதிய பாதை போடும் இடங்களில், தண்டவாளம் வைப்பதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிடுகிறார்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தட்டை, ஏறக்குறைய ஒரு பெரிய தோசைக்கல்லை, இறுக்கிய மண்ணின் மேல் வைக்கிறார்கள். அதன் மேல் ஜாக்கி. ஜாக்கிக்கு மேலே எதிர்ப்பாரமாக லோடு ஏற்றிய ஒரு லாரி. ஜாக்கியை அழுத்த அழுத்தத் தட்டு எவ்வளவு புதைகிறது என்று மீட்டரில் பார்க்கிறார்கள். பிறகு பாரத்தை எடுத்துவிட்டு இரண்டாவது முறை அழுத்துகிறார்கள். கணக்கில் எடுப்பது அந்த இரண்டாவது முறையைத்தான். முதல் அழுத்தத்தில் மேல் மண்ணின் பொலபொலப்பு போய்விடும், இரண்டாவதில்தான் மண் தன் சுயரூபத்தைக் காட்டும். டால்பாட்டின் கழித்தல் கணக்கும் இதுவும் ஒரே யோசனை.

அப்படியானால் நிலம் பாறை மாதிரி இருந்துவிட்டால் நல்லதா? பெரியப்பா இல்லை என்றார், புத்தகங்களும் இல்லை என்கின்றன. கொஞ்சமாவது இறங்கிக் கொடுக்காத பாதையில் ஒவ்வொரு அடியும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் கட்டைக்கும்தான் திரும்பும். அதனால்தான் தண்டவாளத்துக்கும் கான்கிரீட் கட்டைக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டை வைக்கிறார்கள். லாரிக்கு எதற்கு ஸ்பிரிங் பட்டை என்று நாமக்கல்லில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய தொந்தரவு, மெத்தென்ற இடமும் கெட்டியான இடமும் சேரும் எல்லையில்தான். ஆற்றுப் பாலம் கெட்டியானது. பாலத்துக்கு முன்னால் இருக்கும் மண்கரை அமுங்கக் கூடியது. அந்த ஓரத்தில் மண் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பாலம் இறங்காது. உலகம் முழுக்கப் பாலங்களின் வாசலில் இந்தத் தலைவலி உண்டு. அங்கே மட்டும் கல்லும் சரளையும் சேர்த்துப் படிப்படியாகக் கெட்டி ஏற்றிக்கொண்டு போவது அதற்காகத்தான்.

இதை நான் போனை வைத்துப் பார்த்தேன். நம் எல்லோர் போனிலும் அதிர்வை அளக்கும் சென்ஸார் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் தரும் 'பைஃபாக்ஸ்' என்ற இலவச ஆப்பில் அது கோடாக வரையும். சேலம் - கரூர் ரயிலில் சீட்டுக்கடியில் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எதிர் சீட் அம்மா, "போன் கீழ விழுந்திருச்சு பாரு கண்ணு" என்று மூன்று முறை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை விளக்கிவிட்டேன். ஸ்டேஷன்களில் பாதை பிரியும் இடங்களில் கோடு குதித்தது. மோகனூர் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது அதிர்வின் தன்மையே மாறியது, இறங்கும்போது மறுபடி மாறியது. அது பழுது என்று அர்த்தமில்லை, கீழே இருக்கும் நிலம் மாறுகிறது என்றுதான் அர்த்தம். ரயில்வேயும் கிட்டத்தட்ட இப்படி ஒரு கருவியைப் பெட்டியில் வைத்துக் குலுக்கல்களை எண்ணுகிறது. பாதையின் உயர வித்தியாசம், முறுக்கு, அகலம் எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே பதிவுசெய்யும் தனிப் பெட்டிகளும் உண்டு.

நிலத்தின் பிடிமானத்தையே ஓடும் ரயிலிலிருந்து அளக்கும் வண்டிகளை ஸ்வீடன் போன்ற நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனுக்கு அந்த ஆர்வம் வரக் காரணம் இருக்கிறது. 1997-ல் அங்கே லெட்ஸ்கார்ட் என்ற இடத்தில், இளகிய களிமண் மேல் போட்ட பாதையில் எக்ஸ்-2000 ரயிலை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனபோது, பாதையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அலை மாதிரி ஏறி இறங்கியது. தண்ணீரில் படகு போனால் அலை எழுமே, அது மண்ணில் எழுந்தது. மண்ணில் அலை போகும் வேகத்தை ரயில் எட்டிப்பிடித்துவிட்டதுதான் காரணம். வேகத்தைக் குறைத்துவிட்டு, சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்கிச் சரிசெய்தார்கள். சென்னை - கோவை வந்தே பாரத் 2023 முதல் சேலம் வழியாகத்தான் பறக்கிறது. நல்லவேளை, நம் சேலத்து மண் அந்தக் களிமண் இல்லை.

நமக்கு வேறு பயம், மழை. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாடப்புத்தகத்தில் நமக்கு அந்த ராஜினாமாதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது. கேங்மேன் வீடுகளில் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். மழை பெய்தால் ராத்திரி முழுக்கப் பாதையில் நடக்கும் ரோந்து வேலை பெரியப்பாவுக்கு எத்தனையோ நாள் விழுந்திருக்கிறது. ஒரு கையில் விளக்கு, பையில் ரயிலை நிறுத்துவதற்கான பட்டாசு. அந்த ராத்திரிகளில் பெரியம்மா திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். என் சின்ன வயசு ஐப்பசி மாதங்களில் அந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் அண்ணனின் ஆர்டர் வந்த நாளில் அவர் சாப்பிடவில்லை. "இப்பத்தான் மெஷினு வந்திருச்சே பெரியம்மா. ஜல்லியை மெஷின் இறுக்குது, பாதையை மெஷின் அளக்குது" என்று நான் சமாதானம் சொன்னேன். உண்மைதான், குனிந்து இடிக்கும் வேலையின் பெரும்பகுதியை இப்போது டேம்பிங் மெஷின் செய்கிறது. ரோந்து போகிறவர் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது.

"மெஷினு தினமுமா வருது?" என்று கேட்டார் பெரியம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அளக்கும் பெட்டி மாதக்கணக்கில் ஒருமுறைதான் வரும். நடுவில் பெய்யும் மழைக்கு, தினமும் பாதையில் நடக்கிற மனிதர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும் ரயிலும் இருக்கிறது. மின்சார இன்ஜினின் சத்தம் காதுக்கு எட்டும்போது ரயில் பக்கத்தில் வந்திருக்கும் என்று பெரியப்பாவே சொல்லியிருக்கிறார். அதை அவர் பெரியம்மா எதிரில் சொல்வதில்லை.

அண்ணன் பேசவே இல்லை. அவன் ஐந்து வருஷம் படித்து எழுதிய பரீட்சை அது. நடுவில் ஒரு தனியார் கம்பெனியில் 12 மணி நேர ஷிப்ட் பார்த்தவன். நிரந்தர வேலை, பென்ஷன் திட்டம், குவார்ட்டர்ஸ். எடைபோட்டுப் பார்க்க அவனிடம் வேறு தட்டு கிடையாது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் பெரியப்பா அவனிடம் கேனபூலைப் பற்றியும் வெள்ளைப் பூவைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போட்ட 280 கணக்குப் பேப்பரை அண்ணன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

என் கட்டுரை 400 வார்த்தையில் முடியவில்லை என்பது உங்களுக்கே தெரிகிறது. அண்ணன் அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறான். பெரியம்மா இன்னும் சரி என்று வாய்திறந்து சொல்லவில்லை. போன வாரம் சேலம் கடைவீதிக்குப் போனவர், அவனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருக்கிறார். பெரியப்பா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு சைஸ் பெருசா மாத்திட்டு வா. ஜல்லியில நடந்தா சாயங்காலம் கால் வீங்கும்" என்றாராம்.